இரண்டாம் சங்கு

செங்கமலம் ஊருக்குள் கொடுத்தது இருபத்திரண்டு பாட்டில். வெள்ளிக்கிழமை காலை திரும்பி வந்ததும் இருபத்திரண்டு. ஏதாவது உடைந்தால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று வீட்டிலேயே, அலமாரியின் கீழ்த்தட்டில், இருபத்து மூன்றாவதாக ஒன்றை வைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கி முடித்த உதவியாளன் தாஜுதீன், அதையும் ஓரமாகச் செருகிவிடலாம் என்று ஒரு கையால் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"மேடம், இதுலயும் இருக்குதுங்க."

"எதுல?"

"இருவத்து மூணுல. இத நாம யாருக்கும் குடுக்கலையேங்க?"

அவள் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் நாலு விரற்கடை உயரத்துக்கு, வெளிர் மஞ்சளாகச் சிறுநீர். மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது. பாட்டிலின் அடிப்பாகம் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகப் பட்டது. சித்திரை மாதத்தில் அரியலூர்ப் பக்கம் எந்தப் பொருள்தான் வெதுவெதுப்பாக இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாராவது தங்கள் பாட்டில் நிரம்பிவிட்டதென்று வந்து இதில் பிடித்துவிட்டுப் போயிருப்பார்கள். "இதையும் எடுத்துட்டுப் போங்க. எதுக்கும் பாத்துரச் சொல்லுங்க," என்றாள்.

அது எண்பத்து மூன்றாம் வருடத்துக் கோடை. கல்மேடு, அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இறங்கியதும் காலில் ஒட்டுவது மண்ணல்ல, சுண்ணாம்புக்கல் தூசி. ஊருக்கும் குவாரிக்கும் நடுவே ஒரு வேலிகூடக் கிடையாது. தினமும் பகல் ஒரு மணிக்குக் குவாரியில் வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால், கரண்டில் ஓடுகிற சங்கு ஊதும். முதல் சங்கு ஊதினால் எல்லோரும் ஏதாவதொரு வீட்டுக்குள் போய்விட வேண்டும். தெறிக்கிற கல் யார் மண்டை என்று பார்த்து விழாது. வெடித்து, கல்லெல்லாம் அடங்கிவிட்டது என்று பார்த்த பிறகு சங்குக்காரர் மாயவன் இன்னொரு தரம் ஊதுவார். அதற்குப் பிறகுதான் வெளியே வரலாம். நடக்கப் பழகும்போதே கல்மேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டம் அது: ஒண்ணாஞ் சங்குக்கு உள்ள, ரெண்டாஞ் சங்குக்கு வெளிய. ஊர்க் கோழிகள்கூட அதைக் கற்றுக்கொண்டிருந்தன.

இப்படித் தினமும் திடுக்கிட்டே வாழ்கிறவர்களின் உடம்பு என்ன ஆகிறது என்பதுதான் டாக்டர் செங்கமலத்தின் ஆராய்ச்சி. மனிதன் பயந்தால் மூளை கட்டளை போடுகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி, கார்டிசால் என்ற ஒன்றைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. அதில் மிச்சம் சிறுநீரில் வந்துவிடுகிறது. ஒரு நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அந்த உடம்பு அன்று எவ்வளவு பயந்தது என்று சொல்லிவிடலாம். முகம் பொய் சொல்லும், இது சொல்லாது என்பாள் அவள் மாணவர்களிடம். கல்மேட்டில் இதை விளக்கிச் சொல்வதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "அம்புட்டுப் படிப்பும் படிச்சிட்டு மூத்திரம் புடிக்கவா வந்துச்சு இந்தப் பொண்ணு?" என்று குழாயடியில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வியாழக்கிழமைதோறும் பாட்டிலை முந்தானையில் மறைத்து எடுத்துப் போனார்கள். நல்ல ஜனங்கள்.

அவளும் இந்த ஊர்ப் பெண்தான். தங்கியிருந்தது அவள் பிறந்த வீட்டில். ஐந்து வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. அக்கா ரெங்கம்மாள் அதை விட்டுவிட்டுத் தெருக்கோடியில் குடிசை போட்டுக்கொண்டு போயிருந்தாள். செங்கமலம் சாவி கேட்டபோது, கல் உடைத்துக் காய்த்துப்போன தன் கைகளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வேற வூடு பாத்துத் தரேன் செங்கு. அது வேணாம்."

"வேலைக்கு இதுதான் தோதுக்கா. கரண்ட் இருக்கு."

"கரண்ட்டா இல்ல ஊருல?"

ஆனாலும் சாவியைக் கொடுத்தாள். வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். படியைத் தாண்டி ஒரு தரம்கூட உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

உள்ளே ஒரே அறை. மேலே ஒரு பழைய மின்விசிறி, ஒரு கட்டில், பாட்டில் அடுக்கும் அலமாரி, ஒரு உரல், மூலையில் குதிர். தானியம் கொட்டி வைக்கிற ஆளுயர மண் குதிர் அது. உறை உறையாக அடுக்கிச் சந்துகளில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசியது. மேலே பலகை மூடி. கீழே தானியம் எடுப்பதற்கு ஒரு கை நுழைகிற ஓட்டை, அதற்குத் துணியடைப்பு. அறைக்குள்ளேயே வைத்துக் கட்டியதால் உடைக்காமல் வெளியே கொண்டுபோக வழியில்லை. உடைக்க யாருக்கும் கை வரவில்லை.

மறுநாள் பகல், முதல் சங்கு ஊதியதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். தெருவில் செருப்புச் சத்தங்கள் ஓடி ஒவ்வொன்றாக வீடுகளுக்குள் புகுந்து ஓய, எங்கோ ஒரு கதவு இழுத்து அடைபட, ஓட்டுச் சந்துகளில் இறங்கிய வெயில் தரையில் காசு காசாகக் கிடக்க, வறுத்த உப்பு மாதிரி ஒரு வெக்கை மூக்கில் ஏற, பூமி ஒரு தரம் தூக்கிப் போட்டது. அலமாரியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்து அடங்கின. கூரையிலிருந்து வெள்ளைத் தூசி மெதுவாக இறங்கியது. பிறகு, எல்லோரும் இரண்டாம் சங்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், குதிருக்குள் ஒரு பிடி கம்பு சரிந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

குதிர் காலி. வந்த அன்றே டார்ச் அடித்துப் பார்த்திருந்தாள். எலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே அறையில், இதே சத்தத்தைக் கேட்டு, எலியாக இருக்கும் என்றுதான் அன்றைக்கும் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை தாஜுதீன் சென்னையிலிருந்து முடிவுகளோடு வந்தான். லப்பைக்குடிக்காட்டுக்காரன். அண்ணன்கள் மூன்று பேரும் துபாயில் இருக்க, இவன் மட்டும் கண்டவர் மூத்திரத்தை ரயிலில் சுமந்துகொண்டு அலைகிறானே என்று அவன் அம்மாவுக்குத் தீராத குறை. வேலையில் ஒரு பிசிறு இருக்காது. அன்றைக்குக் காகிதத்தை நீட்டும்போது அவன் சிரிக்கவில்லை.

"ஊர்க்காரங்களுக்கு அறுவது, எழுவது, ஜாஸ்தின்னா நூறு. நாம நெனச்ச மாதிரியேதாங்க. அந்த இருவத்து மூணுதான்... நானூத்தி இருவதுங்க."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"ரெண்டு தரம் போட்டுப் பாத்துட்டாங்க மேடம். இன்னொண்ணு. ஆளோட சதையளவு காட்டுற உப்பு ஒண்ணு பாப்போம்ல, அது ரொம்பக் கம்மியா இருக்குது. பெரிய ஆளோடது இல்லவே இல்லைங்கறாங்க. நாலு வயசுப் புள்ளைன்னா சரியா வரும்னாங்க." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எந்தப் புள்ள மேடம் அது? இம்புட்டுப் பயந்துபோயி?"

அவள் காகிதத்தை மடித்தாள். மறுபடி மடித்தாள். கையில் அதற்குமேல் மடிக்க இடமில்லாத அளவுக்குச் சின்னதாகிவிட்டது.

புஷ்பவல்லி என்று பெயர். வல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். செங்கமலத்தின் ஒரே மகள். பிறந்த மறுவருடமே அப்பாவை லாரி அடித்துக் கொண்டுபோய்விட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்துச் சென்னையில் ஆராய்ச்சிக்கூட வேலை கிடைத்தது. கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாவது தரம் கிடைக்காத வேலை. ஹாஸ்டலில் குழந்தைக்கு இடம் கிடையாது. "புள்ளைய எங்கிட்ட வுட்டுட்டு நீ போ. நான் பாத்துக்கறேன்," என்றாள் ரெங்கம்மாள். மூன்று வயதுக் குழந்தை பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்தது. செங்கமலம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிவிடுவோம் என்று தெரியும்.

சென்னையில் அவளுக்குக் குரங்குகளோடு வேலை. தாயிடமிருந்து குட்டியைப் பிரித்துப் பக்கத்துக் கூண்டில் வைப்பார்கள். நடுவில் ஒரு பலகை. முதல் மணி நேரம் குட்டி தொண்டை கிழியக் கத்தும். அடுத்தடுத்த மணிகளில் கத்தல் குறையும். நாலாம் மணிக்கு, தன் கால்களைத் தானே கட்டிக்கொண்டு, மூலையில் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்துவிடும். குட்டி பழகிவிட்டது என்று செங்கமலம் நோட்டில் எழுதுவாள். மணிக்கொரு தரம் எடுத்த ரத்தம் உறைபெட்டியில் காத்துக் கிடந்தது. அதைச் சோதிக்கிற கருவி வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த நாட்களில் அக்கா யாரையாவது பிடித்து எழுதி வாங்கிக் கடிதம் போடுவாள். சங்கு ஊதினால் வல்லி வீறிட்டு அழுகிறாள், ராத்திரியில் தூக்கிப் போடுகிறது, பயந்த கோளாறு என்கிறார்கள், அரியலூர் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் ஓதி ஊதிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டு ஒரு கடிதம். படித்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், அழுதால் தூக்காதே, அழுது ஓய்ந்தால் தானே பழகிவிடும் என்று பதில் எழுதினாள். நாலு மாதம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. 'வல்லி இப்போ அழுவறதில்ல. சங்கு ஊதினா ஓரமா போயி ஒளிஞ்சிக்குது. ரெண்டாஞ் சங்கு ஊதுற வரைக்கும் மூச்சு வுடக் கூடாது, வெளிய வரக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். சொன்ன பேச்சு கேக்குது.' அதைச் செங்கமலம் மூன்று தரம் படித்தாள். மூன்று தரமும் சந்தோஷப்பட்டாள். பாவி.

எழுபத்தெட்டு, வைகாசி. ஒரு மணிக்கு முதல் சங்கு ஊதியது. வெடித்தது. உடனே கரண்ட் போய்விட்டது. இரண்டாம் சங்கு ஊதவில்லை. பெரியவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரவர் வேலைக்கு வெளியே வந்தார்கள். குவாரியிலிருந்து ரெங்கம்மாள் ஓடிவந்தபோது, வெடியின் அதிர்வில் நாதாங்கி கழன்று கதவு அகலத் திறந்து கிடந்தது. குழந்தையைக் காணவில்லை. தண்ணீர் தேங்கிய பழைய குவாரிப் பள்ளம்தான் எல்லோருக்கும் முதலில் நினைப்பில் வந்தது. மோட்டார் வைத்து இறைத்தார்கள். இரண்டு நாள் வேலையை நிறுத்தி ஊரே தேடியது. வீட்டுக்குள் பார்த்தீர்களா என்று யாரோ கேட்டபோது, எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வூட்டுக்குள்ள இருந்தா புள்ள சத்தம் குடுக்காதா?"

தந்தி கிடைத்துச் செங்கமலம் மறுநாள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். பள்ளத்து ஓரமெல்லாம் பேர் சொல்லிக் கத்தினாள். பிறகு கத்த முடியாமல் வீட்டுக்கு வந்து, குதிரின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, விடியும்வரை அழுதாள். இடையில் ஒரு தரம், முதுகுக்குப் பின்னால், கம்பு சரிகிற சத்தம் கேட்டது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் தேடுகிறவர்களுக்குக் கூழ் காய்ச்ச ரெங்கம்மாள் குதிரின் துணியடைப்பைப் பிடுங்கினாள். கம்பு வரவில்லை. கையை விட்டுத் துழாவினாள். ஒரு சின்னக் கால் கையில் பட்டது.

விடிகிற நேரத்தில்தான் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். குழந்தை தானாகவே உரலின் மேல் ஏறி உள்ளே இறங்கிப் பலகையை இழுத்து மூடியிருந்தது. ஊரே பேர் சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் அதற்குக் கேட்டிருக்கும். அம்மா அழுததும் கேட்டிருக்கும். ஆனால் குவாரியில் வெடி நின்றுபோனதால் அந்த மூன்று நாளும் சங்கு ஊதவில்லை. சங்கு ஊதாததால் குழந்தை வெளியே வரவில்லை. சொன்ன பேச்சு கேட்டது.

அதற்குப் பிறகுதான் கருவி வந்தது. உறைபெட்டி ரத்தத்தைச் சோதித்த அன்று, தொண்டை கிழியக் கத்திய குட்டியைவிட வாய் மூடி உட்கார்ந்த குட்டியின் ரத்தத்தில்தான் கார்டிசால் அதிகம் என்று வந்தது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. கத்தினால் அம்மா வருவாள் என்று நம்புகிற வரைக்கும்தான் குட்டி கத்துகிறது. மௌனம் என்பது பயத்தின் உச்சி. செங்கமலத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கண்டுபிடிப்பு அதுதான். எந்தெந்த ஊர்களிலோ மேடையேற்றிக் கைதட்டினார்கள். அவள் கும்பிட்டுவிட்டு அறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள்.

அடுத்த வியாழக்கிழமை இருபத்து மூன்றாம் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மூடியைச் சுற்றி நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு ஊற்றி, அதே கீழ்த்தட்டில் வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை அரக்கு உடையாமல் இருந்தது. நூல் அவிழாமல் இருந்தது. உள்ளே நாலு விரற்கடை உயரத்துக்கு மஞ்சள் நீர். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு.

முடிவு, நானூற்று அறுபது. அதற்கடுத்த வாரம் ஐந்நூற்றுப் பத்து. சதையளவு காட்டுகிற எண் மட்டும் மாறவே இல்லை. ஐந்து வருடம் போயும் அந்த உடம்பு வளரவில்லை.

தாஜுதீன் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தான். மூன்றாவது காகிதத்தைக் கொடுத்தபோது மட்டும் குதிர் இருந்த மூலையைப் பார்க்காமல் சொன்னான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். எங்க ஊரு பள்ளிவாசல்ல சாயங்காலம் மஃரிபு தொழுகை முடிஞ்சதும் பயந்த புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு வரிசையா நிப்பாங்க. இந்துப் புள்ள, முஸ்லிம் புள்ளைன்னெல்லாம் கெடையாது. தொழுதுட்டு வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஓதி ஊதிட்டுப் போவாங்க. புள்ளையக் கொண்டாற முடியாட்டி, ஒரு பாட்டில் தண்ணியாச்சும் ஓதி வாங்கியாரட்டுங்களா?"

முன்பு ஒரு கடிதத்துக்குச் சொன்ன பதில் அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. "வாங்கிட்டு வாங்க தாஜுதீன்," என்றாள்.

அன்று மாலை சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிய அக்காவை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அக்கா, வல்லி இன்னும் உள்ளதான் இருக்கா."

ரெங்கம்மாள் அழவில்லை. எப்போதோ எதிர்பார்த்த ஒன்றைக் கேட்டவள் மாதிரி படியின் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்டி. அதுக்குத்தான் நான் உள்ள வரதில்ல. சங்கு ஊதுனா வந்துடுவான்னு அந்த வருசம் பூரா வாசல்ல நின்னு பாத்தேன். ரெண்டாஞ் சங்கு தெனமுந்தான் ஊதுது. வல்லி வரலையே. அன்னிக்கு ஊதாத சங்குக்குல்ல காத்துக் கெடக்கு." முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "சத்தம் போடாதன்னு சொன்னது நாந்தான் செங்கு. என் வாயி அழுகிப் போவ."

"அழுதா தூக்காதன்னு எழுதுனது நான்க்கா."

இருவரும் இருட்டும்வரை படியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போகும்போது ரெங்கம்மாள், "ஊரை வுட்டுப் போயிடு செங்கு. நாளைக்கே போயிடு," என்றாள்.

போக அவளால் முடியாது. எண் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன உடம்பு வாராவாரம் இன்னும் அதிகமாகப் பயந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அவள் கையிலேயே அத்தாட்சி இருந்தது. அதை எப்படி இறக்குவது என்பதும் உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. குட்டிக்குப் பால் வைத்துப் பார்த்தார்கள், கம்பளி போட்டுப் பார்த்தார்கள், விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். எதற்கும் அந்த எண் இறங்கவில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் இறங்கியது. பலகையை எடுத்துவிட்டுத் தாயை அதே கூண்டுக்குள் விட வேண்டும்.

வெள்ளிக்கிழமை. தாஜுதீன் ஓதிய தண்ணீரோடு மதிய பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தான். அன்று காலை அவள் இருபத்து மூன்றாம் பாட்டிலைத் தொடவில்லை. குளித்து, தலையைப் பின்னி, வல்லிக்குப் பிடித்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள். உரலைக் குதிருக்குப் பக்கத்தில் உருட்டிக் கவிழ்த்தாள். மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மணியாயிற்று.

முதல் சங்கு.

தெரு ஓடி அடங்கியது. அவள் உரலின் மேல் ஏறிப் பலகையை விலக்கினாள். உள்ளிருந்து பழைய கம்பின் புழுக்கமும், சாணி மண்ணின் வாடையும், அவற்றுக்கடியில், தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தில் வருமே, அந்தப் புளிப்பான பால் வாடையும் ஒன்றாகக் கிளம்பி முகத்தில் மோதின. ஐந்து வருடம் அந்த வாடைக்காக அவள் மடித்து வைத்த சின்னப் பாவாடைகளை முகர்ந்து பார்த்திருக்கிறாள். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மண் சுவர் இரண்டு தோளிலும் உரசியது. நின்றபடியே கையை உயர்த்திப் பலகையை இழுத்து மூடினாள். பிறகு குந்தினாள். முழங்கால்கள் மார்பில் முட்டின.

இருட்டு.

வெடித்தது. மண் உதிர்ந்து தலையில் விழுந்தது. மூக்கில் ஏறியது. இருமலை அடக்கிக்கொண்டாள்.

"வல்லி," என்றாள் மெதுவாக. "அம்மா வந்துட்டேன்டி. பக்கத்துலயே இருக்கேன்."

பதில் இல்லை. தன் மூச்சு மட்டும் சுவரில் பட்டுத் திரும்பியது. பிறகு, தான் மூச்சை நிறுத்தியபோதும், ஒரு மூச்சு நிற்காமல் இருந்தது. குட்டியாக. வேகமாக. அவள் முழங்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

காலடியில் கம்பு சரிந்தது. காலிக் குதிரில் கம்பு. கணுக்கால் வரை. ஏதோ ஒன்று அவள் மடியை நோக்கி நகர்ந்து ஏறியது. கனம் அவளுக்கு மறக்காத கனம். பதின்மூன்று கிலோ. ஒரு தலை அவள் மார்பில் சாய்ந்தது. இதயம் அடித்துக்கொண்டது, யாருடையது என்று பிரிக்க முடியாமல்.

அவள் அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள். இன்னும் கொஞ்சம்தான் கண்ணு. இப்ப ஊதிடும். ஊதினதும் ரெண்டு பேரும் வெளிய போயிடலாம்.

காத்திருந்தாள்.

ஊதவில்லை.

அப்போதுதான் கவனித்தாள். மின்விசிறியின் கிறீச் சத்தம் இல்லை. கரண்ட் போயிருந்தது.

தெருவில் கதவுகள் திறந்தன. யாரோ பேசிக்கொண்டு போனார்கள். கோழி கேறியது. பலகையைத் தள்ள அவள் கையைத் தூக்கினாள். கை மேலே போகவில்லை. மடியின் கனம் கூடியிருந்தது. கம்பு இடுப்பு வரை வந்திருந்தது.

"மேடம்?" தாஜுதீனின் குரல். "மேடம், தண்ணி கொண்டாந்துட்டேங்க." செருப்பைக் கழற்றுகிற சத்தம். "மேடம்?" பிறகு தெருப்பக்கம் ஓடுகிற சத்தம். "ரெங்கம்மாக்கா! மேடத்தக் காணும், கதவு தெறந்து கெடக்குது!"

கதவை அவள் சாத்தித் தாழ் போட்டிருந்தாள்.

ஓட்டமாக ஒரு காலடி வந்தது. வாசற்படியில் நின்றது. தாண்டியது. ஐந்து வருடத்துக்குப் பிறகு அக்கா உள்ளே வந்துவிட்டாள்.

"செங்கு! ஏ செங்கமலம்! எங்கடி போன?"

"பள்ளத்துப் பக்கம் போயிருப்பாங்களோக்கா? நான் ஓடிப் பாக்கறேன்."

"பாரு தம்பி, ஓடு."

கம்பு மார்பு வரை. மண் சுவரில் ஏதோ தொப்பென்று சாய்ந்தது. அக்காவின் முதுகு. குதிரின் மேல் சாய்ந்து சரிந்து உட்கார்ந்து விம்முகிறாள். ஒவ்வொரு விம்மலும் சுவர் வழியாகச் செங்கமலத்தின் தோளில் அதிர்ந்தது. இரண்டு அங்குல மண்தான் நடுவில்.

அக்கா, இங்க இருக்கேன். அவள் வாயைத் திறந்தாள்.

ஒரு சின்னக் கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

வெதுவெதுப்பான கை. விரலிடுக்குகளில் கம்புத் தவிடு. அன்பாகத்தான் பொத்தியது, விளையாட்டில் தோழியைக் காப்பாற்றுகிற குழந்தை மாதிரி. ஆனால் எடுக்கவில்லை. காதுக்குள் மூச்சு பட்டது. உஸ்ஸ்.

வெளியே அக்கா தன்னோடு தானே பேசிக்கொள்வது கேட்டது.

"வூட்டுக்குள்ள இருந்தா சத்தம் குடுக்க மாட்டாளா..."

கம்பு சரிந்தது. வெளியே விம்மல் ஒரு நொடி நின்றது.

"எலியா இருக்கும்," என்றாள் ரெங்கம்மாள்.

கை இன்னும் இறுகியது. இரண்டாம் சங்கு இன்னும் ஊதவில்லை.